தமிழ் என்ற சொல்லில் எத்தனை எழுத்து?

த, மி, ழ். மூன்று. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால் ஐந்து என்கிறது. சேமித்து வைக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் பதினைந்து பைட் என்கிறது. இரண்டுமே பிழையில்லை. கணினிக்குள் 'மி' என்பது மகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என்று இரண்டு எண்களாக இருக்கிறது. 'ழ்' என்பதும் அப்படியே: ழகரம் ஒன்று, புள்ளி ஒன்று. தகரத்தையும் சேர்த்தால் ஐந்து எண்கள். இணையம் முழுக்கப் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் இவற்றில் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று பைட். ஆக, பதினைந்து.

கைபேசியில் 'தமிழ்' என்று தட்டிவிட்டு அழிப்பு விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் கடைசி எழுத்து முழுதாகப் போகாது. புள்ளி மட்டும் போய் 'தமிழ' என்று நிற்கும். அவசரமாக எழுதப்பட்ட ஒரு நிரலிடம் இந்தச் சொல்லைக் கடைசியிலிருந்து திருப்பி எழுதச் சொன்னால் 'ழ்மித' என்று வர வேண்டும். வராது. முதலில் அந்தரத்தில் ஒரு புள்ளி, அதன் பின்னால் 'ழிமத' என்று வந்து நிற்கும். மகரத்தின் இகரம் ழகரத்தில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த நிரலை எழுதியவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஓர் எழுத்துக்கு ஓர் எண் என்று அவர் நம்பியிருந்தார், அவ்வளவுதான். அது ஒரு நம்பிக்கை என்பதே அவருக்குத் தோன்றியிருக்காது.

இப்படித் தோன்றாமலே நிரலுக்குள் புகுந்துவிட்ட நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து வெளியே எடுக்கும் வேலைக்குத்தான் கணினித் துறையில் பன்னாட்டுமயமாக்கல் என்று பெயர். சட்டத் துறையில் இதே சொல்லுக்குப் பொருள் வேறு. மொராக்கோவின் டாஞ்சியர் நகரம் 1920களிலிருந்து 1956 வரை பல நாடுகளின் கூட்டு நிர்வாகத்தில் இருந்ததே, அதையும் இந்தச் சொல்லால்தான் குறிப்பார்கள். ஒரு நாட்டின் பிடியிலிருந்து ஒன்றை எடுத்துப் பொதுவில் வைப்பது. கணினிக்காரர்களும் ஒருவகையில் அதையே செய்கிறார்கள், மென்பொருளை ஒரு மொழியின் பிடியிலிருந்து விடுவிக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருபது எழுத்து நீளமுள்ள சொல் என்பதால் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ளவற்றை எண்ணாக்கி 'ஐ18என்' என்று எழுதுவது அவர்கள் வழக்கம்.

மொழிபெயர்ப்பு இதில் சேராது. மொழிபெயர்ப்பது, ரூபாய்க் குறி போடுவது, உள்ளூர் விடுமுறைகளைச் சேர்ப்பது எல்லாம் உள்ளூர்மயமாக்கல் என்ற அடுத்த கட்டம். வீடு கட்டும்போது சுவர் பூசுவதற்கு முன்பே வயரிங் குழாய் பதித்துவிடுகிறோம். எந்த அறையில் என்ன விளக்கு வரும் என்பது அப்போது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. குழாய் இல்லையென்றால் பிற்பாடு ஒரு விளக்குக்காகச் சுவரை உடைக்க வேண்டும். பன்னாட்டுமயமாக்கல் அந்தக் குழாய். தமிழே தெரியாத ஒருவர், தமிழ் இதில் என்றைக்காவது வருமா என்பதே தெரியாத நிலையில், தமிழ் வந்தால் இடிக்காமல் இருக்க வேண்டும் என்று வேலை செய்கிறார். இந்தத் துறையில் எனக்குப் பெரிய மரியாதை வந்தது இதனால்தான்.

தொடக்கத்தில் அந்தக் குழாயை யாரும் பதிக்கவில்லை. 1963இல் அமெரிக்காவில் உருவான ஆஸ்கி குறிமுறையில் மொத்தமே 128 இடங்கள். ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி, தொலைதட்டச்சுக் கருவிக்கான கட்டளைகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. பிரெஞ்சுக்காரருக்கே அதில் இடம் போதவில்லை என்னும்போது நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு ஒரு குறிமுறை செய்துகொண்டது. ஒரே எண் ஒரு நாட்டில் ஓர் எழுத்து, பக்கத்து நாட்டில் வேறோர் எழுத்து. 1990களில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும். ஒவ்வொரு பத்திரிகையின் தளத்துக்கும் தனித்தனி எழுத்துரு. அதை இறக்கிக்கொள்ளாமல் போனால் திரை முழுக்கப் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகள். டிஸ்கி முதலாகப் பல குறிமுறைகள் போட்டி போட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு கூடியதே இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு காணத்தான். தமிழ்99 விசைப்பலகை அங்கே பிறந்தது.

உலகத்தின் எல்லா எழுத்துக்கும் ஒரே பட்டியல், எழுத்துக்கு ஒரு நிரந்தர எண் என்ற யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. தமிழுக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் இந்திய மொழிகளுக்கான இஸ்கி என்ற அரசுத் தரத்தை அப்படியே அடியொற்றி அந்த இடம் ஒதுக்கப்பட்டது. தேவநாகரியின் வரிசையில் எது எங்கே இருக்கிறதோ, தமிழிலும் அது அங்கே. அதனால் யூனிகோடின் தமிழ்ப் பட்டியலில் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் நடுவே மூன்று இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. நமக்குத் தேவையே இல்லாத மூன்று ககரங்களுக்கான இடங்கள் அவை. தமிழின் 247 எழுத்துக்கும் தனித்தனி எண் தந்திருக்க வேண்டும் என்று வாதாடியவர்கள் பலர். அப்படித் தரும் டேஸ்-16 குறிமுறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் யூனிகோட் ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதும் இல்லை, திரும்ப வாங்குவதும் இல்லை. அந்த உறுதி இருப்பதால்தான் இருபது ஆண்டுக்கு முந்தைய தமிழ் வலைப்பதிவு இன்றைக்கும் எழுத்துக் குலையாமல் திறக்கிறது. அதை இழந்து எதையும் பெறலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

'கொ' என்ற எழுத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கையால் எழுதும்போது கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலமாக எழுதுகிறோம். பழைய தட்டச்சுப்பொறியிலும் அதே வரிசைதான். யூனிகோடில் முதலில் ககரம், பிறகு ஒகரக் குறி. நாக்கு ஒலிக்கும் வரிசையில் சேமிப்பு, கண் பார்க்கும் வரிசையில் காட்சி. ககரத்தின் பின்னால் வரும் குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை முன்னால் தூக்கி வைத்து, மறுபாதியைப் பின்னால் ஒட்டுவது ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு கணமும் செய்யும் வேலை. இந்தப் பத்தியைத் திரையில் படிக்கிறீர்கள் என்றால் கருவி அதைப் பல முறை செய்து முடித்திருக்கும். தெலுங்கில் இது இன்னும் சிக்கலானது. அங்கே மெய்யின் காலடியில் மெய் தொங்கும். 2018 பிப்ரவரியில் 'ஞானம்' என்பதன் தெலுங்கு வடிவத்திலுள்ள ஒரு கூட்டெழுத்து குறுஞ்செய்தியில் வந்ததும் ஐபோன் செயலிகள் முடங்கின. சில நாளில் ஆப்பிள் ஒரு திருத்தத்தை வெளியிட வேண்டியதாயிற்று. எட்டுக் கோடிப் பேர் பேசும் மொழியின் அன்றாட எழுத்துக்கு அந்தக் கருவி முழுமையாகத் தயாராகியிருக்கவில்லை.

குறுஞ்செய்தி என்றதும் இன்னொன்று. ஒரு செய்திக்கு 140 பைட் என்பது அதன் அளவு. ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துக்கு ஏழு பிட் வீதம் 160 எழுத்து. தமிழில் எழுதினால் ஓர் எண்ணுக்குப் பதினாறு பிட், ஆக 70 எண். தமிழ் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் 32 முறை எழுதக்கூடிய இடத்தில் தமிழ் எழுத்தில் 14 முறைதான் எழுத முடியும். செய்திக்குக் காசு வாங்கிய காலத்தில் தாய்மொழியில் எழுதியவர் கூடுதலாகக் கட்டினார்.

எழுத்தைத் தாண்டி வாக்கியத்துக்கு வந்தால் சிக்கல் வேறு வகை. ஆங்கில நிரலாளர் 'உங்களிடம் இருக்கிறது' என்று ஒரு துண்டு, பிறகு ஓர் எண், பிறகு 'செய்திகள்' என்று ஒரு துண்டு எழுதி ஒட்டிவிடுவார். ஆங்கிலத்தில் அது சரியான வாக்கியம். வினைச்சொல் கடைசியில் வரும் தமிழிலும் ஜப்பானியத்திலும் அந்தத் துண்டுகளை எப்படி மொழிபெயர்த்தாலும் உருப்படாது. முழு வாக்கியத்தையும் கொடுத்து, எண் எங்கே வர வேண்டும் என்பதை மொழிபெயர்ப்பாளர் கையில் விடுவதுதான் வழி. இன்று எந்த நல்ல மென்பொருளும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

எண்ணோடு வரும் பன்மையோ ஒரு தனி உலகம். ஒன்றுக்கு 'கோப்பு', மற்றதற்குக் 'கோப்புகள்' என்று தமிழில் இரண்டோடு முடிகிறது. ரஷ்ய மொழியில் ஒன்றுக்கு 'ஃபைல்', இரண்டு மூன்று நான்குக்கு 'ஃபைலா', ஐந்திலிருந்து 'ஃபைலவ்'. இருபத்தொன்று வந்ததும் மறுபடி 'ஃபைல்'. ஆனால் பதினொன்றுக்கு 'ஃபைலவ்'. அரபியில் சுழியத்துக்கு, ஒன்றுக்கு, இரண்டுக்கு, மூன்றிலிருந்து பத்துக்கு என்று போய் மொத்தம் ஆறு வகை. ஜப்பானியத்தில் பிரிவே இல்லை. 'ஒன்று என்றால் இது, இல்லையென்றால் அது' என்று நிரலுக்குள் ஒரு வரி எழுதிவிட்டால் ரஷ்யருக்கு வழி அடைபட்டுவிடும். அதனால் அந்த விதியையே நிரலுக்கு வெளியே எடுத்து, மொழிக்கு ஒரு சூத்திரமாக வைத்துவிட்டார்கள். நிரல் எண்ணைக் கொடுக்கும், அந்த மொழியின் சூத்திரம் எந்த வடிவம் என்று சொல்லும்.

வேற்றுமை உருபுக்கு இப்படி ஒரு வழி இன்னும் எளிதாக வாய்க்கவில்லை. கண்ணன் கண்ணனை ஆவார், ராதா ராதாவை ஆவார், வீடு வீட்டை ஆகும், மரம் மரத்தை ஆகும். பயனர் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று தெரியாத நிரல் எதைச் செய்யும்? 'கண்ணன்-ஐ அழைக்கவும்' என்று நடுவில் கோடு போட்டு உருபை ஒட்டுகிறது. படிக்கும்போது சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி இருக்கும். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர்கள் வாக்கியத்தையே மாற்றி 'அழைக்க வேண்டியவர்: கண்ணன்' என்று உருபே இல்லாமல் எழுதித் தப்பித்துவிடுவார்கள். வேறொரு இடத்தில் தமிழ் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. 'ராதா உங்கள் படத்தை விரும்பினார்' என்பதில் 'ஆர்' விகுதி ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. இறந்தகால வினையிலேயே பால் காட்டியாக வேண்டிய ரஷ்யத்திலும் ஹீப்ருவிலும் இந்த ஒரு வரிக்கு இரண்டு வடிவங்கள் எழுத வேண்டும். மரியாதைப் பன்மை ஒரு நிரல் சிக்கலைத் தீர்க்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

துருக்கியில் நடந்தது இன்னும் வியப்பு. 1928இல் அந்நாடு லத்தீன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி வைத்த 'ஐ', புள்ளி இல்லாத 'ஐ' என்று இரண்டு தனி எழுத்துகளை வைத்துக்கொண்டது. இரண்டுக்கும் பெரிய எழுத்து வடிவம் தனித்தனி. ஆங்கிலத்தில் சின்ன எழுத்துக்குப் புள்ளி உண்டு, பெரிய எழுத்துக்குக் கிடையாது. துருக்கியில் புள்ளியுள்ளது பெரிதானாலும் புள்ளியோடே இருக்கும். நிரல்கள் இரண்டு சொற்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கி ஒப்பிடுவது வழக்கம். துருக்கி அமைப்புள்ள கணினியில் அப்படிச் செய்ததும் ஆங்கிலச் சொல்லில் இருந்த 'ஐ' புள்ளியை இழந்தது, இரண்டும் ஒன்றல்ல என்று நிரல் முடிவு செய்தது. பிஹெச்பி நிரல்மொழியில் இந்தக் கோளாறு பல ஆண்டுகள் இருந்தது. ஒரு புள்ளி எத்தனை தூரம் போகிறது என்று புள்ளி வைத்து மெய் எழுதும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

காலத்தைக் கணக்கிடுவதும் எல்லோருக்கும் ஒன்றல்ல. தாய்லாந்தில் 2025ஆம் ஆண்டு 2568. எத்தியோப்பிய நாட்காட்டியில் பதின்மூன்று மாதம். ஜப்பானில் பேரரசர் மாறினால் ஆண்டுக் கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரல் 30இல் அகிஹிட்டோ பதவி விலகுகிறார் என்பது முன்பே தெரியும். புதிய சகாப்தத்தின் பெயர் மட்டும் ஏப்ரல் 1 வரை ரகசியம். முந்தைய நான்கு சகாப்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்தை ஒரே கட்டத்தில் அடக்கிய தனிக்குறி யூனிகோடில் இருந்தது, புதியதற்கும் வேண்டும். பெயர் தெரியாமலே அதற்கு ஓர் எண்ணை ஒதுக்கிக் காலியாக வைத்திருந்தார்கள். 'ரெய்வா' என்று அறிவிப்பு வந்தது. மே மாதம் யூனிகோட் 12.1 வெளியானது. அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்தது அந்த ஒரே ஒரு குறி. அதற்குச் சில வாரம் முன்பு மார்ச்சில் வந்த 12.0 பதிப்பில்தான் முந்திரி, காணி, மா, வீசம் முதலான நம் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் பிறவுமாக 51 சேர்க்கப்பட்டன. ஓலையிலும் பழைய கணக்கேடுகளிலும் கிடந்த முந்திரி, அதாவது முந்நூற்று இருபதில் ஒரு பங்கு, இப்போது உலகப் பட்டியலில் ஓர் எண்.

ஒரே மொழி என்றாலும் நாடு மாறினால் வழக்கம் மாறும். சென்னைத் தமிழருக்கு 12,34,567. சிங்கப்பூர்த் தமிழருக்கு 1,234,567. இவருக்கு லட்சம், அவருக்கு மில்லியன். யாழ்ப்பாணத்தில் ரூபாய் உண்டு, ஆனால் 2010இல் இந்தியா ஏற்ற ரூபாய்க் குறி அங்கே செல்லாது. ஆகவே மென்பொருள் மொழியை மட்டும் கேட்டால் போதாது, நாட்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழ்–இந்தியா, தமிழ்–இலங்கை, தமிழ்–சிங்கப்பூர், தமிழ்–மலேசியா என்று நான்கும் நான்கு அமைப்புகள். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் இந்த வழக்கங்களைத் திரட்டி வைத்திருப்பது யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர் என்ற பொதுத் தரவுத்தளம். கைபேசித் திரையில் 'செவ்வாய்' என்றோ 'ஆகஸ்ட்' என்றோ தமிழில் தெரிவதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

அகரவரிசையும் அதில் உண்டு, அது இல்லாமல் ஆகாது. யூனிகோட் எண்ணை மட்டும் வைத்து அடுக்கினால் மனம் முன்னால் வரும், மரம் பின்னால் போகும், ஏனென்றால் அங்கே னகரம் நகரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நம் அகராதியில் ரகரம் வந்து வெகு நேரம் கழித்துத்தான் னகரம். வலி, வழி, வளி என்ற நம் வரிசை அங்கே வலி, வளி, வழி ஆகிவிடும். ஒரு பெயர்ப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போனால் அது இல்லாததற்குச் சமம்.

பெயர் என்று வரும்போதுதான் இது வெறும் தொழில்நுட்பமாக நிற்பதில்லை. உலகெங்கும் படிவங்கள் கேட்பது முதற்பெயர், குடும்பப்பெயர். சர் சி. வி. ராமனின் 'சி' அவருடைய அப்பா சந்திரசேகரன் பெயர். ராமனின் அண்ணன் மகன் வானியலாளர் எஸ். சந்திரசேகர். அவருடைய 'எஸ்' அவருடைய அப்பா சுப்பிரமணியன் பெயர். 1930இல் ஒருவர், 1983இல் ஒருவர் என்று இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற சித்தப்பாவும் மகனும் இவர்கள். குடும்பப்பெயரை வைத்து உறவு காணும் எந்த நூலகப் பட்டியலிலும் இவர்களுக்குள் ஒட்டே தெரியாது. ராமன் விளைவிலும் சந்திரசேகர் வரம்பிலும் இருப்பவை அந்த இருவரின் சொந்தப் பெயர்கள். மேற்கில் அவை குடும்பப்பெயராகவே பதிவாயின.

தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்ளும் நம்மவர்கள் வெளிநாட்டுப் படிவங்களில் இன்றும் திண்டாடுகிறார்கள். அமெரிக்க ஆவணங்களில் ஒற்றைப் பெயர் உள்ளவருக்கு அந்தப் பெயரைக் குடும்பப்பெயர்ப் பெட்டியில் போட்டுவிட்டு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யு' என்று அச்சிடுகிறார்கள். அப்படி வந்த பிறகு வங்கியில், கல்லூரியில், வேலையிடத்தில் அந்த மூன்றெழுத்துதான் அவர் பெயர். அப்பா பெயரைத் தன் குடும்பப்பெயராகச் சுமந்து, அலுவலகத்தில் நாளெல்லாம் அப்பா பெயராலேயே அழைக்கப்படுகிறவர்கள் எத்தனையோ பேர். இந்தோனேசியாவின் முதல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவுக்கும் ஒரே பெயர்தான். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. இத்தனை பேரும் விதிவிலக்கு என்றால் விதி யாருடையது?

இதற்குத் தீர்வு கடினமாக இல்லை. பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்கு வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டி, முடிந்த இடத்திலெல்லாம் முழுப்பெயருக்கு ஒரே ஒரு பெட்டி போதும் என்கிறது. வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும் பெயரைப் பிரித்துக் கேட்பதற்கு முன் அந்தப் பிரிவினை உண்மையிலேயே தேவையா என்று யோசிக்கச் சொல்கிறது. எப்படி அழைக்க வேண்டும் என்று தனியாக ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. குடும்பப்பெயர் வழக்கமே இல்லாத தமிழ்நாட்டில், நாமே நம்மவர்களுக்காகச் செய்யும் செயலிகளிலும் கல்லூரி விண்ணப்பங்களிலும், குடும்பப்பெயர்ப் பெட்டியைச் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்குவதை முதலில் நிறுத்தலாம்.